ரிப்பேர் ஆயிடுச்சு

தேசிகன் ஸாருக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது, சர்க்கரையும் கிடையாது. யாராவது ‘மிக்ஸி ரிப்பேர்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் இரண்டும் சேர்ந்து வந்தவர்போல ஆகிவிடுவார்.

“ரிப்பேர்னா சரி பண்றது. கெட்டுப்போனதுக்கு ரிப்பேர்னு பேர் வெச்ச ஒரே தேசம் நம்மளோடதுதான்” என்பார். எதிரில் நிற்பவர் மிக்ஸிக் கடைக்காரராக இருந்தாலும் சரி, மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் சரி, பாடம் முடியாமல் நகர முடியாது.

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்க ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். கொளவாய் ஏரிப் பக்கம் இருக்கிற நாலு மாடிக் குடியிருப்பில் மேல்மாடி வீடு. வகுப்பு இல்லாத வாத்தியாருக்குக் கை அரிக்காதா? குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். அன்றிலிருந்து மொத்தக் கட்டடமும் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு ஆகிவிட்டது.

எந்தச் சாமான் எப்படிக் கெட்டது என்று பார்த்துத்தான் பேர் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’. ஓடுகிறது, ஆனால் கோணல்மாணலாக ஓடுகிறது என்றால் ‘ஃபால்ட்டி’. வாங்கின நாளிலிருந்தே ஓடவில்லை என்றால் ‘டட்’. இனி எந்த ஜன்மத்திலும் ஓடாது என்றால் ‘டிஃபங்க்ட்’.

“மனுஷாளுக்கு ஜலதோஷம், டைஃபாய்டு, பக்கவாதம்னு தனித்தனியா பேர் இல்லையா? மெஷினுக்கும் அந்த மரியாதை உண்டோல்லியோ?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இந்த நாலு பேர்களும் தேவைப்படவில்லை. ஃபேன் டெட், பல்பு ஃப்யூஸ், போன் ஹேங், பைக் மக்கர், டி.வி. புட்டுகிச்சு. இதில் எதிலும் அடங்காதது எல்லாம் ரிப்பேர். அவ்வளவுதான், பிழைப்பு நடந்தது. பழைய போர் மோட்டாரின் மேல் ஸார் ‘டிஃபங்க்ட்’ என்று பெரிதாக எழுதி ஒட்டிய அன்று, கீழ்வீட்டுப் பார்வதம் அம்மாள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “டீ ஃபங்ஷன்னு போட்டுக்கீதாமே, எத்தினி மணிக்கு?” என்று விசாரித்தார்.

ஸாரின் மனைவி கோமளம் இதற்கெல்லாம் சிரிப்பதை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. வெட்கப்படுவதையும் விட்டாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடிக்குக் கிருபாகரன் குடிவந்த அன்று, அது அப்படியேதான் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தது.

கிருபாகரன் மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போகும் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். உடம்பு படுத்த பிறகு ஓட்டவில்லை. மனைவி பிரிசில்லா நர்ஸ். தினமும் பஸ் பிடித்துப் புதுப்பட்டினத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்வருவாள். குடிவந்த அன்று இருவரும் மேலே வந்து செயலாளரைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள்.

“லிஃப்ட் கீற வூடாத்தான் தேடிகினு இருந்தோம் ஸார்” என்றார் கிருபாகரன். “எனக்கு ரெண்டு கிட்னியும் ஃபெயிலியர். வாரத்துக்கு மூணு வாட்டி டயாலிசிஸ் போவணும். போய்ட்டு வந்தா ஒரு படி ஏற முடியாது.”

தேசிகன் ஸார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அன்பாகத்தான் சொன்னார்.

“கிட்னி ஃபெயில்ட்னு சொல்லணும். ஃபெயிலியர்ங்கறது பெயர்ச்சொல்.”

கோமளத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. காபி டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. சாகக் கிடப்பவன் தண்ணீர் கேட்டாலும் இலக்கணம் பார்ப்பாரோ இந்த மனுஷர்?

கிருபாகரன் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். “நான் இத்தினி வருஷமா வெள்ளைக்காரங்கோ கைல ‘வேன் ரிப்பேர்’னுதான் ஸார் சொல்லிகினு இருந்தேன். ஒருத்தரும் திருத்தல. எல்லாரும் எறங்கித் தள்ளுனாங்கோ.”

பிரிசில்லாவும் சிரித்தாள். தேசிகன் ஸார் சிரிக்கவில்லை. அவர்கள் இறங்கிப் போனதும் கோமளத்திடம், “பாத்தியா, வெளிதேசத்து மனுஷாளையும் கெடுத்து வெச்சிருக்கான்” என்றார்.

ஸாரின் வகுப்பில் தினப்படி மாட்டிக்கொண்ட மாணவன் தர்மராஜ். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஆள். வாட்ச்மேன், மோட்டார் போடுகிறவர், ஜெனரேட்டர் பார்க்கிறவர் எல்லாம் அவரே. ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் மனைவி வேண்டாவோடு குடியிருந்தார். வேண்டா அதே கட்டடத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்தாள். வேலை போனால் வீடும் போகும், அவள் வேலையும் போகும். அதனால் ஸார் எது சொன்னாலும் தர்மராஜ் கைகட்டிக் கேட்டுக்கொள்வார்.

லிஃப்ட் கெட்டால் மாட்டுவதற்குத் தர்மராஜே ஒரு அட்டையில் ‘ரிப்பேர்’ என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். அதை ஸார் பறித்துக்கொண்டார். ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ என்று பெயின்ட்டில் எழுதி வரப் பலகைக்காரனிடம் சொல்லியிருந்தார். பலகைக்காரன் ஒரு எழுத்து கூடுதலாகப் போட்டுக்கொண்டு வந்தான். திருப்பி அனுப்பினார். ஆகக் கடைசியில், லிஃப்டில் மாட்ட எந்தப் பலகையும் இல்லை.

“இனிமே ரிப்பேர்னா என்ன?”

“சரியாயிட்ச்சின்னு அர்த்தம் ஸார்.”

“கெட்டுப்போனா?”

“அவுட் ஆப் ஆடரு ஸார்.”

“குட்.”

தினமும் பால் வாங்க இறங்கும்போது இந்தக் கேள்வி பதில் நடக்கும். பேத்தி வயதுப் பெண்கள் பள்ளிக்கூட வேனுக்கு நின்றுகொண்டு பார்ப்பார்கள். தர்மராஜுக்கும் அறுபது நெருங்குகிறது. கோமளம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்: “அவருக்கும் மானம் இருக்கும்னா. விட்டுடுங்கோ.” “கத்துக்கறதுல என்னடி மானம்?” என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்த வாரம் லிஃப்ட் உண்மையிலேயே நின்றுபோனது. மெக்கானிக் லேசில் கிடைக்க மாட்டான். கடற்கரையோரத்து ரிசார்ட்டுகளுக்கெல்லாம் அவன்தான். எப்போது போன் செய்தாலும் கோவளத்தில் இருப்பான், இல்லாவிட்டால் மாமல்லபுரத்தில் இருப்பான். பிரிசில்லா கணவரைத் தரைவீடாக இருந்த தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். “சரியானதும் ஒரு போன் பண்ணுங்க அங்கிள், டயாலிசிஸ் முடிச்சு நேரா இங்க கூட்டிட்டு வந்துடறேன்” என்று ஸாரிடம் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் மெக்கானிக் வந்தான், என்னமோ முடுக்கினான், லிஃப்ட் ஓடியது. ஓடியதை மேலே செயலாளருக்குச் சொல்லாமலே அவன் பைக்கில் ஏறிப் போய்விட்டான். மத்தியானத்துக்கு முன்னால் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் உலுக்கி நின்று, தானாகக் கீழே இறங்கிவந்து, கதவைத் திறந்துகொண்டு நின்றது. தர்மராஜ் மேலே போன் போட்டார். மோட்டார் அறைச் சாவி செயலாளரிடம்தான் இருக்கும். லிஃப்ட் கெட்டால் தர்மராஜ் போன் செய்வார், ஸார் மொட்டைமாடி ஏறி மெயினை அணைத்துவிடுவார். வழக்கம் அதுதான்.

ஸார் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். சமையலறையில் இருந்த கோமளத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

“ஸார், லிஃப்டு ரிப்பேர் ஆயிட்ச்சி ஸார்.”

மெக்கானிக் வந்துபோயும் மறுபடி போச்சா என்று கோமளம் நினைத்தாள். யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தேசிகன் ஸார் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

“பேஷ்! பேஷ்! கத்துண்டுட்டியே! வெரி குட் தர்மராஜ்!”

அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாற்போல “சரி ஸார்” என்று ஒரு குரல் வந்தது. போன் வைக்கப்பட்டது.

கோமளம் வாயைத் திறந்தாள். அன்று காலையில்தான், “கிரைண்டர் பெல்ட் அவுட்டுன்னா” என்று சொன்னதற்குக் கால் மணி நேரம் பாடம் கேட்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். நமக்கென்ன வந்தது, கடைக்குப் போகக் கிளம்புவார், லிஃப்ட் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்ப்பார், நாலு மாடி இறங்கி ஏறட்டும், ஒருநாளாவது இந்த மனுஷர் தப்பு என்று தெரியட்டும். அப்படி நினைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. குக்கரில் விசில் வந்தது. ஸார் பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் செய்வது தெரிந்தது. யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

கீழே தர்மராஜ், லிஃப்ட் வாசலை மறித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். ஸார் மெயினை அணைத்திருப்பார் என்று நம்பி, தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனார். அந்த நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள் பிரிசில்லாவும் கிருபாகரனும். டயாலிசிஸ் முடிந்த உடம்பு, வெயில் வேறு. வாட்ச்மேன் உட்காரும் நாற்காலி என்று நினைத்துப் பிரிசில்லா அதை நகர்த்தினாள். சரியாகிவிட்டது என்று செயலாளரே போன் செய்து சொல்லியிருக்கிறாரே.

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டி உலுக்கியது, நின்றது. உள்ளே விளக்கும் போய்விட்டது.

கதவைத் தட்டுகிற சத்தமும் ஒரு பெண்ணின் அலறலும் கட்டடம் முழுக்கக் கேட்டன. கோமளம் படிகளில் இறங்கி ஓடினாள். ஸாரும் பின்னாலேயே ஓடிவந்தார். கால் செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழுந்துவிட்டது. இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து பிரிசில்லா, “அவருக்கு மூச்சு வாங்குது, யாராச்சும் திறங்க, யாராச்சும் திறங்க” என்று கத்திக்கொண்டிருந்தாள். ஸார் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவன் எடுத்ததும், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

“லிஃப்ட் ரிப்பேர் ஆயிடுத்துப்பா! உள்ள ஆள் மாட்டிண்டிருக்கா! ஓடி வா!”

கோமளம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரியவில்லை.

மெக்கானிக் வந்துசேருவதற்குள் தர்மராஜ் சாவியை வாங்கி மேலே ஓடி, மோட்டாரைக் கையால் சுற்றி, லிஃப்டை இரண்டாவது மாடிக்கு இறக்கினார். கதவு திறந்தபோது கிருபாகரன் தரையில் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. மாமல்லபுரத்துச் சாலையெல்லாம் கம்பீரமாக வேன் ஓட்டிய மனுஷரை நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கினார்கள். சுற்றிலும் அத்தனை குடித்தனக்காரர்களும் நின்று பார்த்தார்கள். அவர் கண்ணைத் திறந்து, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார். கோமளம் தன் முந்தானையால் அவர் இடுப்பை மறைத்தபடி ஆட்டோ வரைக்கும் கூடவே போனாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று சாயங்காலம் தெரிந்தது. சனிக்கிழமை அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள். முன்காலைப் பிடித்தவர் தர்மராஜ். லிஃப்டுக்கு ஏதோ சாமான் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றான் மெக்கானிக்.

அன்று மத்தியானம் கோமளம் கணவரிடம் நேராகக் கேட்டாள்.

“அவர் போன்ல என்ன வார்த்தை சொன்னார்?”

“ரிப்பேர் ஆயிடுத்துன்னான்.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“சரியாயிடுத்துன்னு அர்த்தம். அவனுக்கு அதைத்தானே சொல்லிக்குடுத்தேன்?”

“இந்த ஊர்ல யாருக்கு அந்த அர்த்தம்?”

தேசிகன் ஸார் பேப்பரை எடுத்தார். எடுத்த பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புரிந்துவிட்டது, இனி அவரே சரிசெய்துவிடுவார் என்று கோமளம் நம்பினாள். எத்தனை கோணங்கித்தனம் இருந்தாலும் பொய் சொல்கிற மனுஷர் இல்லை என்ற பெருமை ஒன்று அவளிடம் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். பொருளாளர் ரமேஷ் எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார். அவருக்கு முன்பே தர்மராஜைப் பிடிக்காது. “ஒரு உயிர் போயிருக்கும். போர்டு மாட்டல, மெயின ஆஃப் பண்ணல. செகரட்டரி ஸார், வாட்ச்மேன் உங்களுக்குப் போன் பண்ணான்ல? இன்னா சொன்னான்?”

எல்லோரும் ஸாரைப் பார்த்தார்கள். தர்மராஜ் ஒரு தூணோரமாக நின்றிருந்தார். வேண்டா அவருக்குப் பின்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிரிசில்லா கடைசி நாற்காலியில் இருந்தாள்.

தேசிகன் ஸார் தொண்டையைக் கனைத்தார். வாழ்நாள் முழுக்க ஆங்கில வார்த்தையை ஆங்கில வார்த்தையாகவே சொல்ல வேண்டும் என்று சாதித்தவர், அன்றைக்கு மட்டும் நல்ல தமிழுக்கு மாறினார்.

“சரியாகிவிட்டது என்று சொன்னான்.”

கோமளத்துக்குக் காதோரம் சுட்டது. அந்த ஒரு வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தால் அங்கே இருந்த சின்னக் குழந்தைக்கும் விஷயம் புரிந்திருக்கும். அது தெரிந்துதான் மொழிபெயர்த்தார். இத்தனை காலம் அவரோடு குடும்பம் நடத்தியதில் இப்படி ஒரு வெட்கம் அவளுக்கு வந்ததில்லை.

“நான் சரியாயிட்ச்சின்னு சொல்லல ஸார்” என்றார் தர்மராஜ்.

“அப்ப ஸார் பொய் சொல்றாரா?” என்றார் ரமேஷ். “அவரு வாத்தியாரு. இத்தினி பேர் முன்னாடி பொய் சொல்லுவாரா?”

தர்மராஜ் ஸாரின் முகத்தைப் பார்த்தார். ஸார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்மராஜ் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் அவருக்கு ஏதோ விளங்கியதுபோலத் தலை தொங்கிவிட்டது.

“ஸார் சொல்றதுதான் சரி. நான் ‘ரிப்பேர் ஆயிட்ச்சி’ன்னு சொல்ட்டேன். ரிப்பேர்னா சரியாவறதுன்னு ஸாரு தெனம் சொல்லிக் குடுத்துகினுதான் இருந்தாரு. அவசரத்துல பழையபடி வாய்ல வந்துட்ச்சி. ஸாரு வெரி குட்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். ஸார்கைல எப்டி கேக்கறதுன்னு வுட்டுட்டேன். எம்மேலதான் தப்பு. எம் புத்திதான் ரிப்பேர் ஸார்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் எழுந்து பேசவும் இல்லை. தப்பு யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. வாத்தியாரிடம் அதைச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை. ரமேஷ் மட்டும், “அவனே ஒத்துகினான். அப்புறம் என்ன? இந்த மாசத்தோட அனுப்பிடலாம். கை தூக்குங்க” என்றார். வேண்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோமளம் எழுந்து நின்றாள். சங்கக் கூட்டத்தில் அவள் பேசியதே கிடையாது.

“ஏன்னா, லிஃப்ட்ல பிரிசில்லா மாட்டிண்டப்போ நீங்க மெக்கானிக்குக்குப் போன் பண்ணினேளே. என்ன சொன்னேள்?”

தேசிகன் ஸார் நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கோமளம் கண்ணை விலக்கவில்லை.

“சொல்லுங்கோ.”

“ரிப்பேர் ஆயிடுத்துன்னேன்” என்றார் ஸார். குரல் பக்கத்து நாற்காலி வரைக்கும்கூடப் போகவில்லை.

“உடனே அவன் ஓடி வந்தானா, இல்லே பேஷ்னு சொல்லிட்டுப் போனை வெச்சானா?”

தேசிகன் ஸார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார்.

“தர்மராஜ்மேல தப்பில்லை. எல்லாரும் பேசற மாதிரி பேசினான். நான்தான் பிடிவாதமா வேற மாதிரி எடுத்துண்டேன். இப்போ இங்க சொன்னதும் பொய்தான். செயலாளரா இனிமே வேற யாராவது இருந்துக்கோங்கோ.”

பிறகு தூணோரமாகப் போனார். ‘ஸாரி’ என்று ஒரு சொல் இருக்கிறது, அவருக்கு அது கைவந்த பாஷை, சுலபமாக முடிந்திருக்கும். அதைச் சொல்லாமல், “மன்னிச்சுக்கோப்பா” என்றார். தர்மராஜ் பதறிப்போய், “ஐயோ இன்னா ஸார் இது” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் அவ்வளவில் கலைந்தது. ரமேஷ் நாற்காலிகளை அடுக்கினார்.

லிஃப்ட் இல்லை. இருவரும் படியேறினார்கள். முன்னால் ஸார், பின்னால் கோமளம். சாகும்வரை இந்த முதுகு தன்னை மன்னிக்காது என்று கோமளம் நினைத்தாள். நியாயத்தைத்தான் சொன்னாள். ஆனாலும் கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்ட குரல் அவள் காதிலேயே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஸார் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

“அவன் போன் பண்ணினப்போ நீ சமையல் ரூம்ல இருந்தே. உனக்குக் கேட்டுதோ?”

“கேட்டுது.”

“புரிஞ்சுதோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். குக்கர் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். “புரிஞ்சுது” என்றாள் கோமளம்.

“அப்பவே ஏன் சொல்லலை?”

“ஒருநாளாவது நீங்க தப்புன்னு உங்களுக்குத் தெரியட்டும்னு இருந்துட்டேன். பிரிசில்லா வருவான்னு எனக்குத் தெரியாது.”

தேசிகன் ஸார் தலையை ஆட்டினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

மூன்றாவது மாடியில் பிரிசில்லாவின் கதவு திறந்திருந்தது. கூட்டத்திலிருந்து அவள் முன்பே ஏறி வந்திருந்தாள். கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்த கிருபாகரன் இவர்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

“வாங்கம்மா, உள்ள வாங்க. ஸார், வாங்க. இவ இப்பதான் எல்லாம் சொன்னா. நீங்க மட்டும் வாயத் தொறக்கலன்னா அந்தாளு வேல போயிருக்கும்மா. சொந்தப் புருஷன்னுகூட பாக்காம உண்மையப் பேசினீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்?”

கோமளம் கணவரைப் பார்த்தாள். யார் வாயிலிருந்து தப்பான வாக்கியம் வந்தாலும் பொறுக்காதவர். இதைத் திருத்துவார் என்று எதிர்பார்த்தாள். திருத்தட்டும், தனக்கு வேண்டியதுதான் என்று நின்றாள். தேசிகன் ஸார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் பேசாமல் இருந்தார். அது அவளுக்கு இன்னும் தாங்கமுடியவில்லை.

“இல்லே பிரிசில்லா” என்றாள் கோமளம். “அன்னிக்கு போன் வந்தப்பவே எனக்குத் தெரியும், லிஃப்ட் ஓடலைன்னு. இவர் தப்பாப் புரிஞ்சுண்டார்னும் தெரியும். இவர்மேல இருந்த கோவத்துல பேசாம இருந்துட்டேன்.”

தண்ணீர்த் தம்ளரோடு வந்துகொண்டிருந்த பிரிசில்லா அப்படியே நின்றாள். கிருபாகரன் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

பிரிசில்லா தம்ளரை ஸ்டூல்மேல் வைத்தாள். கோபமாகப் பேசவில்லை. அசதியாகத்தான் பேசினாள்.

“உள்ள இருட்டு ஆன்ட்டி. இவரு என் மடியில தலைய வெச்சுட்டு கண்ணு சொருகிட்டாரு. முதல்ல ஏசப்பாவைக் கூப்பிட்டேன். அப்புறம் கோமளா ஆன்ட்டி, கோமளா ஆன்ட்டின்னு உங்க பேரச் சொல்லித்தான் கத்தினேன். நீங்க வீட்டுல இருக்கீங்க, உங்களுக்குக் கேட்டா போதும், எப்படியும் வந்துடுவீங்கன்னு இருந்துது.”

கோமளம் தலை குனிந்தபடி நின்றாள்.